விலாவிலிருந்து ஒரு ஜம்பர்

சப்ளை இல்லாத லைன் ஷாக் அடிக்குமா என்று
புதிதாகச் சேரும் பையன்கள் கேட்பார்கள்.
அடிக்கும்.
முதல் ஒரு வருஷம் என் இடது கை
தூளியில் தொங்கிக்கொண்டிருந்தது.
ஊசி குத்தினால் தெரியாது,
பீடி சுட்டால் தெரியாது,
ராத்திரி ரெண்டு மணிக்கு மட்டும்
கொதிக்கிற எண்ணெயில் முக்கியது மாதிரி எரியும்.

ஏற்காடு மலைப்பாதை, பதினாலாவது கொண்டை ஊசி.
பனி. எதிரே பேரிக்காய் ஏற்றிய வேன்.
விழுந்ததில் தலை ஒரு பக்கம் போனது,
தோள் மறுபக்கம்.
எலும்பு ஒன்றும் உடையவில்லை.
ஹெல்மெட்டில் ஒரு கீறல்.

சேலத்தில் டாக்டர் மீனலோசனி தாளில் வரைந்தார்:
கழுத்திலிருந்து கிளம்பும் ஐந்து நரம்பு,
சேர்ந்து, பிரிந்து, மறுபடி சேர்ந்து
கைக்குள் இறங்குகின்றன.
எனக்கு ஐந்து ரோடு ஞாபகம் வந்தது,
மேம்பாலத்துக்கு முந்தைய ஐந்து ரோடு.
"அறுந்திருந்தா தைக்கலாம்.
இது வேரோட பிடுங்கிட்டு வந்திருக்கு."

எரிச்சலுக்கும் காரணம் சொன்னார்.
தகவல் வராவிட்டால் மூளை சும்மா இருக்காதாம்,
தானே வதந்தி கிளப்புமாம்.
புரிந்தது.
கரண்ட் போனால் நாலு பேர் ஃபோன் பண்ணுவார்கள்,
டிரான்ஸ்ஃபார்மர் வெடித்துவிட்டது என்று.
வெடித்திருக்காது.

அப்புறம் ஒரு வழி சொன்னார்,
எங்கள் ஏ.இ. பேசுவது போலவே இருந்தது:
பக்கத்து ஃபீடரிலிருந்து இழுப்பது.
மூச்சிழுக்கும் விலா நரம்புகளில் மூன்றை எடுத்து
அக்குள் வழியாகக் கொண்டுபோய்
முழங்கையை மடக்கும் தசையோடு கோத்தார்கள்.
மூச்சுக்கு மிச்சம் இருப்பது போதுமாம்.

கோத்த அன்றே எரிய இது பல்ப் இல்லை.
நரம்பு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் வளரும்,
ஃபியூஸ் கம்பியின் கனம்.
தீபாவளி அன்றும் அவ்வளவுதான்.
பிசியோ ஜெசிந்தா கையைப் பிடித்துக்கொண்டு
"மூச்ச இழுங்க, மடக்குங்க" என்பாள்.
நெஞ்சு மட்டும் உப்பும்.

ஏழாம் மாதம்
பக்கத்துக் குவார்ட்டர்ஸில் யாரோ
காய்ந்த மிளகாய் வறுத்தார்கள்.
இருமினேன்.
தூளிக்குள் தசை
மீன் புரள்வது போல ஒரு தரம் புரண்டது.
மறுபடி இருமினேன்,
வேண்டுமென்றே, கண்ணில் நீர் வர,
பைத்தியம் மாதிரி.
சந்திரமதி கஷாயத்தோடு ஓடி வந்தாள்.

அன்றிலிருந்து என் முழங்கை மூச்சுக்குக் கூலியாள்.
மடக்க வேண்டுமென்றால் நெஞ்சு நிறைய இழுக்க வேண்டும்.
ஒரு துக்க வீட்டில் பெருமூச்செடுத்தேன்,
கை எழுந்துவிட்டது.
எதிரே இருந்தவர் பதிலுக்கு வணக்கம் வைத்தார்.

விரல்கள் வரவில்லை. வராது.
கம்பம் ஏறுவது போய்
மலைமேல் சப்ஸ்டேஷனில் லாக் புக் எழுதுகிறேன்.

போன கார்த்திகையில் மரம் விழுந்து லைன் போன இரவு
எஸ்டேட்டிலிருந்து ஃபோன்.
எங்கே மரம், யார் போயிருக்கிறார்கள்,
இன்னும் எவ்வளவு நேரம்,
ஒரே மூச்சில் சொல்லி முடித்தபோதுதான் பார்த்தேன்.
இடது முழங்கை மடிந்திருந்தது.
மடிப்பில் டார்ச்.
எப்போது வைத்தேன்?

மூச்சு வெளியே போய்க்கொண்டிருக்கும்போதே
கை உள்ளே மடிந்திருக்கிறது,
அதனிடம் கேட்காமல்.
மண்டைக்குள் எந்த அறையில்
எந்தச் சுவிட்சை யார் மாற்றிப் போட்டார்களோ,
எந்த லாக் புக்கிலும் பதிவில்லை.

அசைந்தால் போய்விடுமோ என்று
அப்படியே நின்றேன்.
"சார், லைன்ல இருக்கீங்களா?"
இருக்கேன் என்று சொல்ல வாயெடுத்தேன்,
தும்மல் வந்தது.
டார்ச் முகவாயில் இடித்தது.