முந்நூற்று எழுபத்தொரு கிராம்

பிட்கோஷ்ச் நகரத்தின் கிழக்கு ஓரம்.
பிர்தா ஆற்றின் மேல் விரற்கடை கனத்துக்குப் பனிக்கட்டி.
ஏழாம் எண் எந்திரம்
முப்பத்தெட்டு நொடிக்கு ஒருமுறை வாய் திறக்கிறது.

போகுமிலாவுக்கு எடை பார்க்கிற வேலை.
கார்க் கதவின் உள்ளே ஒளிந்து கிடக்கப்போகும்
கறுப்புப் பலகை.
போன வருஷம் நானூற்றுப் பன்னிரண்டு கிராம்,
இப்போது முந்நூற்று எழுபத்தொன்று.
வாங்குகிறவர்கள்
இல்லாத நாற்பத்தொரு கிராமுக்குத்தான்
கூடுதலாகப் பணம் தருகிறார்கள்.
இதை நினைத்து அவள் இரண்டு முறை சிரித்திருக்கிறாள்.

நைட்ரஜன் லாரியில் வருவதில்லை.
கொட்டகையின் பின்சுவரில் ஒரு சல்லடை ஜன்னல்.
அது முற்றத்துக் காற்றை உறிஞ்சும்,
ஆக்சிஜனைக் கழிக்கும்,
மிச்சத்தை இருநூறு மடங்கு இறுக்கி
உருகிய பிளாஸ்டிக்கின் வயிற்றில் குத்தும்.
அங்கே அது வாயுவும் இல்லை திரவமும் இல்லை,
இரண்டுங்கெட்டான்.
அழுத்தம் இருக்கும்வரை வாயைப் பொத்திக்கொண்டிருக்கும்.
அச்சுக்குள் பாய்ந்து, பிடி தளர்ந்த கணத்தில்
கோடிக் குமிழிகள்
ஒன்றையொன்று இடித்துக்கொண்டு எழும்.
அதற்குள் தோல் குளிர்ந்துவிடும்.
வெளியே கெட்டி. உள்ளே நுரை.
முகத்தில் மட்டும் சில வெள்ளிக் கீற்றுகள்,
உள்ளே நடந்ததற்குச் சாட்சி.
பரவாயில்லை, கண்ணில் படாத பாகம்தான் என்று
வாடிக்கையாளர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

சல்லடை ஜன்னல் பக்கம்தான்
எல்லோரும் சிகரெட்டுக்கு ஒதுங்குவார்கள்.
வாடைக்கு மறைவு அங்கேதான்.
அச்சு மாற்றும் லுதோமிர்
நவம்பரிலிருந்து அங்கே நின்று போன் பேசுகிறான்.
"ஜாக்னா, கேள்" என்று தொடங்குவான்.
பிறகு வெகுநேரம் அவனே கேட்டுக்கொண்டிருப்பான்.
அவன் நுரையீரலிலிருந்து புறப்பட்ட வெள்ளை மூச்சு
மேலே ஏறாமல்
ஒருக்களித்துத் திரும்பி
ஜன்னலுக்குள் நுழைவதை
ஒருநாள் போகுமிலா பார்த்துவிட்டாள்.
அன்றிலிருந்து அந்தத் தராசு
அவளுக்குப் பழைய தராசு இல்லை.

செவ்வாய் இரவு மூன்று மணி.
நாசில் மூடவில்லை.
உருகியது மூக்கு வழியாக வழிந்து
வெளிக்காற்றைக் கண்டதும்
புஸ்ஸென்று உப்ப ஆரம்பித்தது.
பித்தளைக் கம்பியோடு ஓடிவந்த லுதோமிர்
எந்திரத்தை நிறுத்தினான்,
அப்புறம் எதுவும் செய்யாமல் நின்றான்.
தலையணை அளவு. பூசணி அளவு.
சீறிச் சீறி, ஒரு பக்கம் வெடித்து,
மறுபக்கம் இன்னும் வளர்ந்து
ஒருவழியாக ஓய்ந்தது.

ஆறவிட்டு அவள் தராசில் வைத்தாள்.
அறுநூற்று நாற்பது.
"இவ்வளவுதானா?" என்றான்.
நவம்பருக்குப் பிறகு
அவன் சிரித்ததை அவள் அன்றுதான் கேட்டாள்.
பல்லை ஒன்றும் காட்டவில்லை, சத்தம் மட்டும்.

ரம்பத்தில் கொடுத்துப் பிளந்தாள்.
பலகையை வெட்டினால்
பூதக்கண்ணாடி வைத்தால்தான் அறைகள் தெரியும்,
எல்லாம் ஒரே அளவு, எல்லாம் மூடியவை.
இதிலோ
கட்டைவிரல் போகிற பொந்துகள்,
கிழிந்த சுவர்கள்,
இரண்டு அறை கலந்து ஒன்றானது,
ஒன்றுமே ஆகாமல் கெட்டியாய்ப் போன ஒரு மூலை.
"பிடிக்க ஆளில்லாம விட்டா இப்படித்தான்" என்றான் அவன்.
எந்திரத்தைச் சொல்கிறான் என்று
அவள் எடுத்துக்கொண்டாள்.

அரைக்கிற எந்திரத்துக்குள் போகாது, அவ்வளவு பெரிசு.
ஒரு பாதி குப்பைக்குப் போனது.
மற்ற பாதி எங்கே போனதென்று
ஷிப்ட் ஏட்டில் இல்லை.

ஐந்தே கால். மறுபடி ஓட்டம்.
முந்நூற்று எழுபத்திரண்டு.
வரம்புக்குள்தான், இரண்டு கிராம்வரை கூடலாம்.
எழுதினாள்.
அடுத்ததும் எழுபத்திரண்டு.
லுதோமிரின் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது,
நின்றது, மறுபடி அதிர்ந்தது.
இரண்டு கையிலும் கையுறை.
அவன் திரையைப் பார்த்தான், எந்திரத்தின் திரையை.
"சூடு ரெண்டு டிகிரி குறைக்கிறேன்,
என்ன வருதுன்னு சொல்லு" என்றான்.
அச்சு திறந்தது.
அவள் பலகையை வாங்கித் தராசில் வைத்து
எண் நிலைக்கக் காத்திருந்தாள்.