புள்ளி வைத்த மான்

பெரியமேட்டுக் குடோனுக்குள் போனால்
மூக்கு முதலில் வாசலிலேயே நின்றுவிடும்.
பிறகு ஒத்துக்கொண்டு உள்ளே வரும்.
ஜெர்மனிக்குப் போகவேண்டிய தோல் அரைக்கால் சட்டைகள்
செக்கிங்கில் விழுந்து மூலையில் கிடந்தன.

"தோல்ல குத்தமில்ல, தையல்ல குத்தமில்ல,"
நவநீதம் வாரை விரித்துக் காட்டினாள்.
நெஞ்சுப் பட்டையில் மான் போடச் சொன்னார்களாம்.
எம்பிராய்டரி பையனுக்குத் தெரிந்தது கிண்டி மான்.
புள்ளி வைத்துவிட்டான்.
அந்த ஊர் மானுக்குப் புள்ளி ஆகாதாம்.

எங்களுக்கு ஆகும்.
புளியந்தோப்பு பேண்டு செட்டுக்கு
மூன்று வாரமாக யூனிஃபாரம் தேடிக்கொண்டிருந்தார்
மாஸ்டர் சைலஸ்.

பச்சையில் மூன்று பச்சை.
ஒன்று கிளி. போட்டால் எந்தக் கட்சி என்பார்கள்.
ஒன்று பாட்டில். ராத்திரி ரிசப்ஷனில் கறுப்பாகிவிடும்.
இன்னொன்று
மழை விட்ட நாலாம் நாள்
எங்கள் தெருக் கைபம்ப்படியில் படிவது.
மாஸ்டர் கட்டை விரலால் மேலே தேய்த்தார், வெளுத்தது.
கீழே தேய்த்தார், இருண்டது.
"இதுல ரெண்டு சுருதி கீது," என்றார்.
உருப்படி நானூறு. பன்னிரண்டு உருப்படி.

"டைட்டா எடு, தோல் இளகும்,
வயித்தப் பாக்காத, தொடையப் பாரு."
நவநீதம் சொல்லச் சொல்ல
நான் மூச்சை அடக்கி நின்றேன்.
யூபோனியம் ஊதுகிறவனுக்கு அது மட்டும் வரும்.
சிங்கி போடும் எபிக்குப்
பின்பக்க நாடாவைக் கடைசிவரை இழுத்தும்
இன்னொரு எபிக்கு இடமிருந்தது.
முன்னால் கதவு போல ஒரு மடிப்பு, இரண்டு பட்டன்.
அமானுல்லா திறந்து மூடித் திறந்து பார்த்துவிட்டு
"அவசரத்துக்கு ஆவாது மாஸ்டர்," என்றான்.

தொங்கிய அட்டையில் ஒரு படம்.
இதே பச்சை, கட்டம் போட்ட சட்டை,
முழங்கால்வரை சாக்ஸ், தொப்பியில் இறகு.
அந்த ஆளின் மடியில்
என் யூபோனியத்துக்கு அண்ணன் போல ஒன்று.
சைலஸ் அட்டையை வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார்.
"காலைலேர்ந்து ஊதறான்டா இவன். ஒதட்டப் பாரு."

கட்டம் எங்களிடம் இல்லாததா?
எம்.சி. ரோட்டில் லுங்கித் துணி எடுத்துச்
சட்டை தைத்தோம்.
வியாசர்பாடி ஃபுட்பால் பையன்கள்
போன சீசன் சாக்ஸைக் கொடுத்தார்கள்,
துவைக்காமல்.
இறகு துளசிங்கத்தின் புறாக்கூண்டில் பொறுக்கியது.
பந்தயத்தில் திரும்பிவராத ஜோடியின் இறகை மட்டும்
அவன் தரவில்லை.

கல்யாணம்தான் முதலில் வரும் என்றிருந்தோம்.
சாவு வந்தது.
ஹார்பரில் கிரேன் ஓட்டிய பொன்னுரங்கம்,
சித்திரை வெயில், பகல் இரண்டு மணி.
சாவு வீட்டு வாசலில் இருபத்திநாலு முழங்கால்.
யாரோ சிரித்தார்கள். யாரோ அதட்டினார்கள்.
மாஸ்டர் தொப்பியைக் கழற்றி
"வேட்டி மாத்திக்கினு வரட்டாம்மா?" என்று கேட்டார்.
பொன்னுரங்கத்தின் மகள் அஞ்சலாட்சி
அழுத கண்ணோடு எங்களை மேலிருந்து கீழே பார்த்தாள்.
மானிடம் கொஞ்சம் நின்றாள்.
"எங்கப்பா கலர் கலரா சட்ட போட்ட ஆளு.
இப்டியே வாங்க."

மூலக்கொத்தளம்வரை ஊதினோம்.
பவுடர் கொட்டியும் உள்ளே அடுப்பு.
வாத்தியத்துக்கு வியர்த்ததா, தோலுக்கா, எனக்கா,
பாலத்தின் மேல் கணக்குத் தப்பிவிட்டது.

வெயிலில் காயப்போடக் கூடாது, நவநீதத்தின் உத்தரவு.
மாடிப்படி நிழலில் கயிறு கட்டித் தொங்கவிட்டோம்.
பெயர் எழுத வேண்டியிருக்கவில்லை.
துளசிங்கத்தின் வளைந்த கால் அப்படியே நின்றது.
என் வயிறு நானில்லாமல் முன்னால் வந்திருந்தது.

மறுநாள் எம்பிராய்டரி பையன் பார்க்க வந்தான்.
இவ்வளவு சின்னவன் என்று நினைக்கவில்லை.
கயிற்றோரமாக நடந்து
ஒவ்வொரு மானாக எண்ணினான்.
என்னுடையதில் நின்றுவிட்டான்.

"அண்ணா, பதினேழு வெச்சேன்.
பதினாறுதான் கீது."

யூபோனியத்தை எடுத்து அணைத்துக் காட்டினேன்.
விளிம்பு சரியாக அந்த இடத்தில் உட்கார்ந்தது.