பதினைந்தாவது இருக்கை

மூன்றாம் முறையாக எழுதப்போகிறேன்
பொருளியலுக்கான கணித முறைகள், தாள் ஒன்று.
முதல் முறை நாற்பத்தொன்று.
அடுத்த முறை முப்பத்தெட்டு.
ஐம்பத்தொன்று எடுத்தால் தேர்ச்சி.
இந்தத் தொடர்முறை எந்த எல்லையை நோக்கிப் போகிறது என்று
தம்பி விரல்விட்டு எண்ணிச் சிரித்தான்.

காலை ஐந்தரை முதல் மினிபஸ்ஸின் கதவு என் பொறுப்பு.
எல் ஆல்தோவின் விளிம்பிலிருந்து
லா பாஸ் பள்ளத்துக்குள் இறங்கும் சாலையில்
தலையை வெளியே நீட்டிக் கூவ வேண்டும்:
செஹா, பெரெஸ், பிராதோ, இரண்டு பொலிவியானோ!
உதடு வெடிக்கும் குளிரில்
ஒரு பெயருக்கும் அடுத்த பெயருக்கும் நடுவே
உள்ளே இன்னொரு குரல் ஓடும்:
எக்ஸைப் பொறுத்து வகையிடு,
ஒய்யை மாறிலியாக வை.

எங்கள் வீட்டில் ஒய் ஒருநாளும் மாறிலியாக இருந்ததில்லை.
எரிவாயு ஏறினால் உருளைக்கிழங்கு ஏறும்,
உருளைக்கிழங்கு ஏறினால் அம்மாவின் குரல் ஏறும்.
பகுதி வகைக்கெழு
பணக்காரர்களின் கண்டுபிடிப்பு என்றேன்.
அபிகைல் சூரா சிரிக்கவில்லை.
"அதுக்குத்தான் முழு வகைக்கெழு.
அடுத்த அத்தியாயம். பக்கத்தைப் புரட்டு."

தேர்வுக்கு முந்தைய வாரம்
அவளும் வண்டியில் ஏறிக்கொண்டாள்,
கடைசி வரிசையில், காசு கொடுத்து.
மூச்சு படிந்த கண்ணாடியில் விரலால் கணக்குப் போடுவாள்.
சேணப்புள்ளி வந்தபோது மட்டும் எதையும் வரையவில்லை.
கண்ணாடியை முழங்கையால் துடைத்து
வெளியே காட்டினாள்:
இல்யிமானியின் இரு சிகரங்களுக்கு நடுவே
பனி தாழ்ந்து வளையும் இடம்.
கீழிருந்து ஏறி வருகிறவனுக்கு அது உச்சி.
சிகரத்தில் நிற்கிறவனுக்கு அதுவே பள்ளம்.
"முதல் வகைக்கெழு பூஜ்யம்னு அங்கேயே நின்னுடாதே.
இரண்டாவதையும் கேள்."

லாம்டாதான் பிடிபடவில்லை.
கண்டுபிடிக்கத் தெரியும்.
மூன்று சமன்பாடு, மூன்று மாறி, உலுக்கினால் விழும்.
ஆனால் கேள்வியின் கடைசி வரி:
லாம்டாவின் பொருளை ஒரே வாக்கியத்தில் விளக்குக. இரண்டு மதிப்பெண்.
இரண்டு முறையும் அந்த இடத்தில்
வெள்ளைத்தாளைத்தான் கொடுத்துவிட்டு வந்தேன்.

செவ்வாய்க்கிழமை. ஏழு மணி நெரிசல்.
பதினான்கு இருக்கை, பதினான்கு பேர்.
செஹாவில் ஒருத்தி கதவைப் பற்றினாள்,
முதுகுத் துணியில் குழந்தை,
பல்லிடுக்கில் ஆஸ்பத்திரிச் சீட்டு.
இடமில்லை என்றேன்.
ஐந்து தருகிறேன் என்றாள்.
இடமில்லை.
எட்டு.
ஹிலாரியோ திரும்பிப் பார்க்காமலே
காலடியில் கிடந்த முக்காலியை என் பக்கம் உதைத்தார்.
உட்கார்ந்தாள். இரண்டுதான் வாங்கினேன்.
மீதி ஆறு
கம்பியைப் பிடித்துக்கொண்டு
பள்ளம் வரைக்கும் நின்றபடி வந்தது.

மதியம் மூன்று. அதே வண்டி, அதே சாலை, ஏழு பேர்.
இப்போது இன்னோர் இருக்கையைப் பொருத்தினால்
என்ன கிடைக்கும்?
ஒன்றுமில்லை.
கட்டுப்பாடு தளர்ந்து கிடந்தால் லாம்டா பூஜ்யம்.
லாம்டாவுக்கு உயிரிருந்தால்
எங்கோ கட்டுப்பாடு இறுகியிருக்கிறது.
கூவ மறந்துபோய் அபிகைலுக்குப் போன் போட்டேன்.
"அதான்டி நிழல் விலை" என்றாள், வாய் நிறைய ரொட்டியோடு.
பெரெஸில் இறங்க வேண்டியவர் திட்டினார்.

தேர்வில் முதலில் இப்படி எழுதினேன்:
லாம்டா என்பது காலை ஏழு மணிக்கு
கதவைப் பிடித்தவள் சொன்ன எட்டு.
அடித்தேன்.
அதன் கீழே எழுதினேன்:
கட்டுப்பாட்டை ஓர் அலகு தளர்த்தினால்
உச்சப் பயன் எவ்வளவு கூடுமோ, அது.

இரண்டுக்கு ஒன்று போட்டிருந்தார்கள்.
ஓரத்தில் சிவப்பில்: அலகு எங்கே?

மொத்தம் ஐம்பத்தொன்று.
தளர்வே இல்லை, ஒரு மதிப்பெண்கூட.

மறுநாளும் ஐந்தரைக்குக் கதவு.
முக்காலி ஹிலாரியோவின் காலடியில்.
தலையை நீட்டிக் கூவும்போது
தொண்டைக்குள் விடைத்தாளுக்குப் பதில் சொல்கிறேன்:

பொலிவியானோ, ஓர் இருக்கைக்கு,
ஏழு மணியில்.
ஏழரைக்கு வேறு.