முறிய வேண்டிய சாமான்

ஒக்டோபர் இருபத்தேழு. விடியப்புறம்தான் மழை விட்டது.
சேமக்காலையில் புல் முழங்காலுக்கு வந்துவிட்டது,
ஆத்துமாக்கள் திருநாளுக்கு ஆறே நாள்.

பிளக் வயரைக் கழற்றிவிட்டு மெசினைச் சரித்தேன்,
காபரேற்றர் மேலே இருக்கும்படி.
மறுபக்கம் சரித்தால் ஒயில் இறங்கி
எயார் பில்ரர் குடித்துவிடும்.
ஒருமுறை சரித்து, வெள்ளைப் புகைக்குள்
செபம் சொல்லிக்கொண்டு நின்றவன் நான்.

அலகின் நுனியில் சீமெந்துத் தூள்.
நேற்று நான் இடித்தது சவிரிமுத்துவின் கல்லறைக் கட்டு,
ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பத்தொன்று.
புல்லுக்குள் தாழ்ந்து கிடந்தது.
ஆளைக் குறை சொல்ல முடியாது.

ஒரு சத்தம்தான். பிறகு கயிறை இழுத்தால்
கையை மூட்டோடு திருப்பிப் பறித்தது.
பிறகு இருமியது.
பிறகு அதுவுமில்லை.

பழைய பெற்றோலைப் போத்தலில் வடித்தேன்,
அடியில் தண்ணீர் முத்து முத்தாய் நின்றது.
ஜெற்றின் துளையைக் கிற்றார்க் கம்பியால் குத்தினேன்,
பாடகர் குழுவில் அறுந்த முதலாம் கம்பி.
பில்ரர்ப் பஞ்சைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி
சிலுவைப்பாதைப் பத்தாம் நிலையில் காயவிட்டேன்,
உடுப்புக் களைந்த இடம், பொருத்தம்தான்.
புதுப் பிளக், புது ஒயில்.
எல்லாம் சுத்தம், ஒன்றும் பிடிக்கவில்லை.

கடைசியில் பிளைவீலைத் தட்டிக் கழற்றியபோது கண்டேன்:
சின்னவிரல் நகத்தளவு சாவித் துண்டு
குறுக்கே கத்தரித்துப் போயிருந்தது.

ஸ்ரான்லி வீதியில் முதற்கடை:
"இதென்ன, சைக்கிள் சாமானோ?"
இரண்டாங்கடையில் மொடல் நம்பர் கேட்டார்கள்,
ஸ்ரிக்கர் உரிந்து பாதி இலக்கம்தான் மிச்சம்.
மெசினை அனுப்பிய அருளப்பு, மிசிசாகாவில்
இரவு ஒன்றரைக்கு எழும்பி வட்சப்பில் சொன்னான்:
"அது இங்க ரெண்டு டொலர் அண்ணை.
அனுப்புற கூலி முப்பத்தெட்டு. மூண்டு கிழமை."
மூன்றாங்கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றினார்:
"லான்ட்மாஸ்டர் சாவி இருக்கு, வாட்டர் பம்ப் சாவி இருக்கு.
புல்லு வெட்ட ஆர் மெசின் வைச்சிருக்கினம்?
மாடெல்லோ வைச்சிருக்கினம்."

போன வருஷம் மாடுதான் விட்டோம்.
புல்லைத் தொடவில்லை.
மலர்வளையம் பதினொன்று தின்றது.

பாசையூரில் மெற்றில்டாவின் பட்டறை.
மரச்சட்டத்தில் அவுட்போட் எஞ்சின்கள் வரிசையாய்,
மூடி கழன்று, உப்புப் பூத்து.
துண்டை உள்ளங்கையில் வைத்துக் காட்டினேன்.
"கல்லில அடிச்சனீரோ?"
"கல்லறையில."
"அது இன்னும் திறம் கல்லு."

"உருக்கில ராவித் தாரும், இனி முறியாத மாதிரி."
அவள் அரத்தைக் கீழே வைத்தாள்.
"முறியாட்டி அடுத்த அடிக்கு உம்மட கிராங் வளையும்.
எங்கட விசிறிக்கும் ஒரு ஆணி இருக்கு, பித்தளை.
முருகைக்கல்லில பட்டா ஆணி போகும்,
எஞ்சின் தப்பும்,
ஆள் துடுப்பு வலிச்சுக் கரைக்கு வருவார்.
இதுக்கு மெதுவானதுதான் சரி."

ஏதோ ஒரு பழைய மூடியின் அலுமினியத்தை அறுத்து
இடுக்கியில் பூட்டி ராவினாள்,
இரண்டு தரம் ஊதி, வெளிச்சத்தில் பிடித்து,
மூன்று செய்து தந்தாள்.
"நீர் இன்னும் இடிப்பீர்."

காசு எவ்வளவென்று கேட்டேன்.
"நாலாம் வரிசையில எங்கட ஆள் கிடக்கிறார்.
அதில மட்டும் மெசின் விடாதையும்,
கத்தரிக்கோலால வெட்டும்.
பலகைச் சிலுவை, தாங்காது."

மூன்றாம் இழுவையில் பிடித்தது.
கிழக்கு மதிலில் இருந்து தொடங்கினேன்,
ஈரப்புல் அடியில் அப்ப அப்ப நிறுத்தி,
வயரைக் கழற்றி, தடியால் சுரண்டி,
நாலாம் வரிசையில் முழங்காலில் நின்று.
மிச்சச் சாவி இரண்டும் கைப்பிடியில்,
ரேப் சுற்றி.

சவிரிமுத்துவின் கட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தேன்,
அடுத்தமுறை என் கண்ணில் படுவதற்கு.
இரண்டாந்திகதி பின்னேரம் வந்த சனம்
வெளிநாட்டில் இருந்து யாரோ சொந்தக்காரர்
வந்து அடித்திருக்கினம் என்று கதைத்தது.
ஒரு பெட்டை அதில் மெழுகுதிரி ஏற்றினாள்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
காற்று வேறு. திரி அணையாமல் இருக்க
அவள் இரண்டு கையாலும் மறைத்துக்கொண்டிருந்தாள்.