பெலாச்சான் இல்லாமல்

தீபாவளியன்று செம்பனை ஆலையில்
இரட்டைச் சம்பளம் என்றார்கள், போனேன்.
விருந்து மறுநாளுக்குத் தள்ளிப்போனது.
அமாவாசை கழிந்ததும்
லாவ் வீட்டுக்கு மாதம் பிறக்கும் என்று
எனக்கு எப்படித் தெரியும்?

சிலிம் ரிவர் பஸ் நிறுத்தம் வரை மணக்கிறது கறி.
ஆடு, கமாரியாவின் தம்பி அறுத்தது;
அதனால் அவள் ஒன்றும் கேட்காமல் உட்கார்ந்தாள்.
லாவின் மனைவி மட்டும்
செருப்பைக் கழற்றாமல் கதவோரம் நின்று
"இன்னிக்குச் சாயுர் மட்டும் லா" என்றாள்,
கடன் கேட்க வந்தவள் மாதிரி.

சாம்பாருக்குள் கறிக்கரண்டி போய்வந்துவிட்டது.
வடை தீர்ந்து இரண்டு மணி நேரம்.

கமாரியா எழுந்தாள்.
என் அடுப்படியில் என்னைக் கேட்காமலே
வாணலியைத் தேய்த்தாள், மூன்று தரம்.
வேலியோரப் பயற்றங்காயை
விரலாலேயே ஒடித்துப் போட்டாள்.
பெலாச்சானுக்கு நீண்ட கை
பாதியில் நின்றது.
"பூண்டு?"
கூடாது.
"வெங்காயம்?"
அதுவும்.
"அப்புறம் என்னதான் இருக்கு, தவமலர்?"
உப்பு ஜாடியை நகர்த்தினேன்.

லாவ் இரண்டாம் முறையும் கறி வாங்கிக்கொண்டார்,
மனைவி பக்கம் திரும்பாமல்.

பயற்றங்காய் வந்தது.
ஒரு பிடிதான், ஓரம் தீய்ந்து.
என் மகன் கை கழுவிவிட்டு வந்து
"கொஞ்சம் ருசி பாக்குறேன் ஆண்ட்டி" என்றான்.
பிறகு கமாரியா, அவளும் கழுவிவிட்டு.
பிறகு நான்.
குழாயடியில் சோப்போடு லாவ் நிற்பதைப் பார்த்ததும்
அவள் தட்டை
இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள்.