பூச்சியம் தசம் எட்டு ஆறு

அம்பகாமத்துக் காட்டில்
பத்து மணி இடைவேளைக்கு ஏழு நிமிடம் இருக்க
முகக்கவசத்துக்குள் என் மூச்சு புகாராகப் படிந்தது.
தாடை வலித்தது. நெஞ்சு அல்ல, தாடை.
பல்லாக்கும் என்று
இன்னும் நாலு விரல் ஆழம் சுரண்டினேன்.

கஸ்ட்ரிக் என்றாள் சத்தியஜோதி,
விடியச் சாப்பிடாமல் வந்தால் இப்படித்தான்.
சிவப்புத் தடியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு
வந்த வழியே திரும்பினேன்.
ஒழுங்கை ஒரு மீற்றர் அகலம்.
விழுகிறவள்கூட நேராகத்தான் விழவேண்டும்.
நேராக விழுந்தேன்.

கிளிநொச்சியில் கட்டி கரைய ஊசி போட்டார்கள்.
ஐந்தாம் நாள் யாழ்ப்பாணத்துக்கு ஏற்றினார்கள்.
முகமாலையில் எழும்பிப் பார்க்க விட்டிருந்தால்
நான் முடித்த துண்டுகளைத் தாதிக்குக் காட்டியிருப்பேன்.
இப்போது அங்கே கச்சான் போட்டிருக்கிறார்கள்.

மணிக்கட்டால் உள்ளே போனார் டொக்டர் அஸ்மி.
என் தம்பியின் வயது. கை நடுங்கவில்லை,
அதைத்தான் முதலில் பார்த்தேன்.
மருந்து ஓடியதும் உடம்பெல்லாம் வெந்நீர்.
திரையில் ஒரு பட்ட மரம்
கறுப்பாகத் தளிர்த்து, தளிர்த்த கணமே அழிந்தது.

அடைத்திருந்ததைத் திறந்து ஸ்டென்ட் வைத்தார்.
"இன்னும் ரெண்டு இடம் ஒடுங்கியிருக்கு அக்கா.
ஒண்டு அறுபது வீதம், மற்றது எழுபது.
கண்ணை நம்பேலாது. அளந்து பாப்பம்."

கண்ணை நம்பேலாது.
பதினொரு வருஷமாக எனக்குச் சோறு போடும் வசனம்.
கருவி கத்தும்: ஆணி.
கருவி கத்தும்: மீன்ரின் மூடி.
கருவி கத்தும்: யாருடைய கூரையோ, தகரத் துண்டு.
ஒருமுறை சின்னக் கொலுசொன்றின் கொளுக்கி.
மிதிவெடிக்கும் அதே குரல்தான்.
எதுவென்றாலும் பக்கவாட்டால் போகவேண்டும்,
மேலிருந்து ஒருநாளும் இல்லை.

தலைமயிர் தடிப்பில் ஒரு கம்பி.
ஒடுக்கத்துக்கு முன்னால் எவ்வளவு அழுத்தம்,
தாண்டிய பின் எவ்வளவு மிச்சம்.
"இப்ப ஒரு மருந்து ஏத்துவன், நெஞ்சு இறுகும்.
ரெண்டு நிமிஷம். பயப்படாதேங்கோ."
இறுகியது.
யாரோ என் கவசத்தின் பட்டிகளைப்
பின்னாலிருந்து இழுத்துக் கட்டுவதுபோல.

அறுபது வீதம்: பூச்சியம் தசம் ஏழு மூன்று.
இது மறிக்குது என்றார். இன்னொரு ஸ்டென்ட்.

எழுபது வீதம், திரையில் எறும்பின் இடுப்பு,
எனக்கே பார்க்கப் பயமாயிருந்தது:
பூச்சியம் தசம் எட்டு ஆறு.
"இதை விடுவம்."

விடுவமோ?

எங்கள் வேலையில் அந்தச் சொல் இல்லை.
ஒன்றுமில்லை என்று கையெழுத்து வைத்தால்தான்
காணிக்காரி கேற்றைத் தாண்டுவாள்.
திலகேஸ்வரி மை காயமுதல்
மரவள்ளித் தடியோடு ஓடினாள், வெறுங்காலில்.
நான் அன்றிரவு நித்திரை கொள்ளவில்லை,
என் ஒழுங்கைகளை ஒவ்வொன்றாகத் திரும்ப நடந்தேன்.

மேசையில் கிடந்தபடியே இதைச் சொன்னேன்.
அவர் கம்பியை மெல்ல வெளியே இழுத்துக்கொண்டிருந்தார்.
"இதுக்குள்ளால இரத்தம் போகுதக்கா.
போற இடத்தை ஏன் நோண்டுவான்?"

இப்போது ஐந்து விதமான குளிசை.
பின்னேரம் இருபது நிமிட நடை,
ஒட்டுசுட்டான் றோட்டில், தாரின் மேல்,
பழக்கத்தில் நிலத்தைப் பார்த்தபடி.
கவசம் இனித் தரமாட்டார்களாம்.
வரைபட மேசையில் இருக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

சத்தியஜோதி முந்திரிகைப்பழத்தோடு வந்தாள்.
என் ஒழுங்கையை அவள்தான் முடித்தாளாம்.
நான் விழுமுன் சுரண்டிய இடத்தில்
ஒரு சோடா மூடி.
இருவரும் சிரித்தோம். பிறகு கேட்டாள்,
"உனக்கு எல்லாம் துப்புரவாக்கியாச்சோ?"

ஒன்றை விட்டிருக்கினம் என்றேன்.

அவள் கால்
அவளைக் கேளாமல்
அரை அடி பின்னுக்குப் போனது.