பாதிக் கணக்கு

"தீர்த்துவிட்ட பிறகு பழகினீங்களா?"
பாம்பன் ஆஸ்பத்திரியில அந்தப் பிள்ளை
பேனாவைத் திறக்குமுன்னே
பதிலை எழுதிட்ட மொகத்தோட கேட்டுச்சு.

இல்ல தாயி. அதுக்கு முந்தி.

ஆடிக் கச்சான். பதினோரு நாளா
வள்ளம் எறங்கல.
களஞ்சியம் (இப்ப பேரைச் சொல்லலாம்ல)
தெனமும் ஒரு குவாட்டரோட வருவான்.
முழுசாக் குடிச்சா கை நீளும்.
பாதி குடிச்சா வாய்தான் நீளும்.
கல்யாணமாகி நாலு வருசத்துல
நான் படிச்ச கணக்கு அது ஒண்ணுதான்.

மீதியைக் கொட்டிப் பார்த்தேன்,
மணல் மணந்து காட்டிக் கொடுத்துருச்சு.
அப்புறந்தான்
"எனக்கும் ஊத்து"ன்னு டம்ளரை நீட்டினேன்.

சிரிச்சான்.
என் எதுக்க உக்காந்து அவன் சிரிச்சது அன்னைக்குத்தான்.
சுட்ட கருவாட்டைப் பிச்சு
முள்ளெடுத்து என் வாயில வச்சான்.
அந்த ராத்திரி நல்லாத்தான் இருந்துச்சு.
அதையும் எழுதிக்க.

ஆவணியில அவன் ஆஃப் வாங்க ஆரம்பிச்சான்,
ரெண்டு பேராச்சேன்னு.
பாதியோட அளவு மாறிப்போச்சு.
கையும் பழையபடி நீண்டுச்சு,
எனக்குத்தான் வலி தெரியல.

விடிஞ்சா கழுத்தளவு தண்ணியில
கஞ்சிப்பாசி பறிப்பேன்.
விரல்ல துணி சுத்துறப்போ நடுங்கும்.
குளிருன்னு சொன்னேன்.
சின்னப்பாலத்துப் பொம்பளைக
குளிருதான்னு சேர்ந்து சொன்னாளுக.

ராம்நாடு கோர்ட்டுல அவன் வக்கீல்
"இந்த நம்புதேவி குடிக்கிற பொம்பளைங்கய்யா"ன்னாரு.
களஞ்சியம் தலையைக் குனிஞ்சு நின்னான்.
அன்னைக்குக் காலையிலயும் போட்டிருந்தான்,
எனக்கு வாடை வந்துச்சு.
அவனை யாரும் கேக்கல.

தீர்ப்பு வந்த அன்னிக்கு
ஆட்டோக்காரப் பயகிட்ட காசு குடுத்து
ஒண்ணு வாங்கியாரச் சொன்னேன்.
கை பழக்கத்துல ரெண்டு டம்ளர்ல ஊத்திருச்சு.
என்னுதைக் குடிச்சேன்.
பாலத்துல ரயில் ஊர்ந்து போற வரைக்கும்
அந்த இன்னொண்ணையே பார்த்துக்கிட்டிருந்தேன்.
யார் கையும் நீளாத வீடு.
எதுக்குக் குடிக்கணும்?
குடிச்சேன்.

இப்பவா?
ஒரு குவாட்டர் ஒம்பது நாள் வரும்.
சில வாரம் ஒரு நாள்கூட வராது.
மக விடுதியிலருந்து வர்ற அன்னிக்குத் தொடமாட்டேன்,
அவ போன அன்னிக்குக் கேக்காத.

ரத்தம் எடுக்க விரலை நீட்டினேன்.
பாறையில ஒரசித் தடிச்ச தோலு,
மூணாவது குத்துலதான் வந்துச்சு.
அந்தப் பிள்ளை பஞ்சை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு
வாசலைப் பார்த்துச்சு.
கழுத்துல கயிறு இன்னும் மஞ்சளா, புதுசா.
சன்னமாக் கேட்டுச்சு:

"பாதி குடிச்சா
நெசமாவே அடிக்க மாட்டாங்களா, அக்கா?"

குத்தின விரலை வாயில வச்சுக்கிட்டேன்.
உப்புக் கரிச்சுச்சு.